தோற்றம், மறைவு

கடையில் கூடாரம் நாலாயிரத்து இருநூறு.
விஜிலா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் கம்மியாக இருக்குமோ என்று.
"நடட்டீ, ஆக்கர் கடைக்குப் போவோம்" என்றாள் ஷம்லா.

நொறுங்கின கார் ஒன்றின் சீட்பெல்ட் நான்கு, எண்பது ரூபாய்.
அரிச்சாக்கோடு அதைச் சேர்த்துத் தைத்ததில்
மிஷின் ஊசி இரண்டு ஒடிந்தது.
தோளில் மாட்டினால் பை;
மாட்டினவள் நாலெட்டு நடந்து,
"பெல்ட்டு போட்டாச்சு, வண்டியத்தான் காணல்ல" என்றாள்.

கொளச்சலில் இருந்து கிழிந்த வலை, கிலோக்கணக்கில்.
மூன்று நாள் வெயில் காட்டியும்
நெத்திலி வாடை இறங்கவில்லை.
ஊஞ்சல் படுக்கையில் முதலில் படுத்து
பலம் பார்த்துத் தந்தது ஷம்லா வீட்டுப் பூனை.

வார்னீஷ் டின்னில் ஆணியால் இருபத்துநாலு ஓட்டை,
கீழே விறகு நுழைய ஒரு வாய்: அடுப்பு.
பிளாஸ்டிக் குழாயைத் தீயில் வாட்டி
செருப்புக்காலால் மிதித்துத் தட்டையாக்கினால்
பிச்சாத்திக்கு உறை.
தீக்குச்சி நனையாமலிருக்க தலைக்குத் தலை நகப்பூச்சு,
இருபது சிவப்பு, இருபது கத்திரிப்பூ நிறம்.
எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பதினெட்டு.

கூரை என் பங்கு.

மார்த்தாண்டத்தில் ஃபிளெக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன்.
பத்துக்கு எட்டு. ஒன்றாம் ஆண்டு நினைவஞ்சலி.
திரு. ஞானசிகாமணி, நீலச்சட்டை, லேசாய்ச் சிரிப்பு.
இடது பக்கம் தோற்றம்: 2023.
வலது பக்கம் மறைவு: 1951.
மாற்றி அடித்தது நான்தான்.
வாங்க வந்த மகன் சத்தம் போடவில்லை.
"செத்து எழுவத்திரெண்டு வருசம் கழிஞ்சா எங்கப்பா பொறந்தாரு?"
அவ்வளவுதான் கேட்டார்.
சம்பளத்தில் அறுநூறு பிடித்தார்கள்.
அந்த அறுநூறை நான் முந்நூற்றுப் பதினெட்டில் சேர்க்கவில்லை.

மே மாதம், இரண்டாம் சனி.
காட்டுக்குள் போக அனுமதிச்சீட்டு வேண்டும்;
எங்களுக்கு லீவு ஒன்றரை நாள்.
அதனால் பேச்சிப்பாறைக்கு மேலே
விஜிலாவின் மாமன் பால்வெட்டும் ரப்பர் தோட்டத்தின் ஓரம்.
வரிசை பிசகாத மரங்கள்,
கயிறு கட்ட இடம் தேட வேண்டாம்.
முளைக்குப் பழைய குடைக்கம்பி.
முகம் வானத்தைப் பார்க்க, வெள்ளை எங்களைப் பார்க்க
இழுத்துக் கட்டினோம்.
மரச்சீனியில் வார்னீஷ் மணத்தது.
கருவாடு சுட்டதும் அது அடங்கியது.

ஒன்பது மணிக்கு மழை.
அடுப்பு அணைந்தது. விறகு ஊறியது.
சிவப்புக் குச்சி பதினொன்று
சீறிச் சீறிச் செத்தது.
விஜிலா எழுந்து போய்
மரத்தின் வெட்டுவரியில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை
நாடா நாடாவாக உரித்து வந்தாள்.
கத்திரிப்பூ நிறத்தில் ஒரு குச்சி போதுமாயிருந்தது.
கரும்புகை, செருப்பு கருகும் நாற்றம்,
நடுவில்
அசையாத தீ.
"இது எவ்வளவு?" என்றாள் ஷம்லா, கணக்கு நோட்டை எடுத்து.
"எழுதாண்டாம். மாமனுக்கத் தெரியாது."

அப்புறம் கோதையாற்றுப் பக்கம் மின்னல்.
மலிவு ஃபிளெக்ஸ். வெளிச்சத்தை நிறுத்தாது.
தலைக்கு மேலே பத்தடிக்கு எட்டடி
ஞானசிகாமணி.
ஷம்லா அலறினாள்; வலையிலிருந்து விழுந்தாள்.
இரண்டாவது மின்னலில் விஜிலாவும்.
நான் மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்.

எழுத்தெல்லாம் கண்ணாடியில் போலத் திரும்பியிருந்தது.
இடது பக்கம் 1951,
வலது பக்கம் 2023.
உள்ளேயிருந்து பார்த்தால்
வருசங்கள் வரிசையில் நின்றன.
"ஏட்டி, செரியாத்தான் இருக்கு" என்றேன்.
யாருக்கும் புரியவில்லை.
கூரை நடுவில் தண்ணீர் கட்டி
அவர் கன்னம் எங்களை நோக்கித் தொங்க,
விஜிலா ஒரு குச்சியால் பதமாக நிமிர்த்திவிட்டாள்.
ஓரத்தில் சலசலவென்று கொட்டியது.
சொட்டு உள்ளே வரவில்லை.

காலையில் ஷம்லாவின் முதுகு முழுக்க வலைக்கண்.
என் காலில் இரண்டு அட்டை.
உப்பு கொண்டுவர மறந்திருந்தோம், கருவாட்டைத் தேய்த்தோம்.

திங்கட்கிழமை, காப்புக்காடு முக்கில் பஸ் நின்றது.
புதிய ஃபிளெக்ஸ், அதே நீலச்சட்டை,
தோற்றம் 1951, மறைவு 2023.
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்,
"தெரிஞ்ச ஆளா?"
ஒரு ராத்திரி, என்று சொல்ல வாயெடுத்து
ஆமாம் என்றேன்.